பன்னிரண்டு மீட்டர் நகர்ந்தால் இரண்டாவது ஓடுபாதையா?

எங்கள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர், நாளேட்டுச் செய்தி ஒன்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். இலண்டன் மாநகரின் இரண்டாவது பெரிய விமான நிலையமாகிய கேட்விக்கில் இரண்டாவது ஓடுபாதையை இயக்க 2025 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒப்புதல் அளித்தது என்பது அச்செய்தி. "சார், ஓடுபாதை ஒன்று என்பது இரண்டு ஆகிறது. அப்படியானால் விமானங்களும் இரட்டிப்பாகத்தானே வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடும் என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?" என்று கேட்டார்.

அச்சுப் பிழை அன்று. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. கேட்விக்கைப் பாராட்டி எழுதியவர்களும் சரி, எதிர்த்து எழுதியவர்களும் சரி, பெரும்பாலோர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு விமான நிலையத்தின் வளர்ச்சியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் இரு சாராருமே தவறுகிறார்கள் என்பது என் கருத்து. அதை வாசகர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

கேட்விக், இலண்டனின் நடுப்பகுதிக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், சஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் இருந்த புல்வெளி விமானத் தளம் அது. 1936-இல் அங்கே கட்டப்பட்ட பயணிகள் கூடம் வட்ட வடிவமானது. அதற்குத் 'தேன்கூடு' என்று பெயர். ஏன் வட்டம்? நீண்ட கட்டடத்தின் ஒரு முகத்தில் மட்டும் விமானங்களை நிறுத்துவதைவிட, வட்டக் கட்டடத்தைச் சுற்றி நிறுத்தினால் குறைந்த இடத்தில் நிறைய விமானங்கள் நிற்கலாம். பயணிகள் நடக்க வேண்டிய தூரமும் குறையும். கட்டடத்திலிருந்து விமானம் வரை நீண்டு சுருங்கும் கித்தான் கூரை வழிகள் இருந்தன. இரயிலிலிருந்து இறங்கியவர் சுரங்க நடைபாதை வழியாகக் கூடத்துக்கு வந்து, மழையில் நனையாமல் விமானத்தில் ஏறிவிடலாம். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு அழகாகச் சிந்தித்தவர்கள் மண்ணைப் பற்றிப் போதுமான அளவு சிந்திக்கவில்லை. கேட்விக் களிமண் பூமி. பக்கத்திலேயே மோல் என்னும் சிற்றாறு ஓடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் வடியாது. புல் ஓடுபாதை சேறாகி, அங்கிருந்து இயங்கிய விமான நிறுவனம் 1937-இல் வேறிடம் தேடிப் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு பிறகு இன்னொரு முறை வரும்.

போருக்குப் பிறகு 1956-இல் மூடப்பட்டு, முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்ட கேட்விக்கை 1958 ஜூன் 9-ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். காங்கிரீட் ஓடுபாதை, நெடுஞ்சாலை, இரயில் நிலையம், பயணிகள் கூடம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருந்தன. இரயில் மேடையிலிருந்து படியேறினால் விமானக் கூடம். இன்று உலகின் பல நகரங்கள் பெரும் பொருட்செலவில் விமான நிலையத்துக்கு இரயில் கொண்டுவர முயல்கின்றன. கேட்விக்கோ இரயில் பாதையின் மேலேயே எழுப்பப்பட்டது. என்னைக் கேட்டால், கேட்விக்கின் வசதிகளிலெல்லாம் தலையானது இதுதான்.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஓடுபாதை நீட்டப்பட்டு இன்று சுமார் 3,300 மீட்டர் நீளமுள்ளதாக இருக்கிறது. 1983-இல் ஓட்டுநர் இல்லாத சிறு வண்டி ஒன்று பயணிகளைத் துணைக் கூடத்துக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 1988-இல் வடக்குக் கூடம் திறக்கப்பட்டது. 2005-இல் விமானங்கள் அடியில் ஊர்ந்து செல்லும்படி, சுமார் 200 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பாலம் ஒன்று அமைந்தது. கடைகளும் உணவகங்களும் பெருகின. இப்போது சோதனைச் சாவடியைத் தாண்டிய பயணி, கடைகளின் நடுவே வளைந்து வளைந்துதான் விமானத்தை அடைய முடியும். 1936-இல் நடை தூரத்தைக் குறைக்க வட்டம் போட்டார்கள். இப்போதோ வட்டம் போட வைத்து நடக்கவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டில் கேட்விக் வழியே சென்ற பயணிகள் ஏறத்தாழ 4 கோடியே 66 இலட்சம் பேர். பெருந்தொற்றால் சரிந்த எண்ணிக்கை 2024-இல் 4 கோடியே 32 இலட்சத்துக்கு மீண்டது.

இங்கேதான் அளவுகோல் பற்றிய கேள்வி எழுகிறது. கூடங்கள் இரண்டு, பாலம், இரயில், கடைகள் என்று எல்லாம் பெருகியபோதும் இத்தனை கோடிப் பேரும் வந்துபோனது ஒரே ஓர் ஓடுபாதை வழியாகத்தான். வாய் குறுகிய குப்பியின் அடிப்பாகத்தை எவ்வளவு அகலமாக்கினாலும், தண்ணீர் கொட்டும் வேகம் கூடாது. விமான நிலையத்துக்கு அந்த வாய்தான் ஓடுபாதை.

அந்த வாயின் அகலம் எவ்வளவு? கேட்விக்கின் நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 55 விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கின்றன. 3,600 விநாடிகளை 55-ஆல் வகுத்தால் ஒரு விமானத்துக்குச் சுமார் 65 விநாடிகள். இது எப்படி இயல்கிறது என்று பார்ப்போம். இறங்கும் விமானம் ஒன்று, ஏறும் விமானம் ஒன்று என்று மாறி மாறி விடுகிறார்கள் என்று கொள்வோம். அப்படியானால் அடுத்தடுத்து இறங்கும் இரு விமானங்களுக்கு இடையே 130 விநாடி இடைவெளி. இறங்க வரும் விமானத்தின் வேகம் ஏறத்தாழ விநாடிக்கு 70 மீட்டர். எனவே வானில் அவற்றுக்கிடையே சுமார் 9 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும்.

இப்போது தரையைத் தொட்ட விமானத்தைக் கவனியுங்கள். 60 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ-320 வகை விமானம் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 14 கோடியே 70 இலட்சம் ஜூல். அறை வெப்பநிலையிலுள்ள 500 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. அதன் பெரும்பகுதியைத் தடைகளும் காற்றும், எதிர்த்திசையில் திருப்பப்படும் எஞ்சின் காற்றும் விழுங்க வேண்டும். பயணிகள் முன்னால் சாய்ந்து விழாத அளவுக்கு விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், விநாடிக்கு 20 மீட்டர் என்னும் அளவுக்கு வர 25 விநாடிகளும் 1,125 மீட்டர் தூரமும் ஆகும். அப்போதுதான் அது சாய்வான கிளைப்பாதையில் திரும்பி ஓடுபாதையைக் காலி செய்யலாம். வால்பகுதி முழுவதும் வெளியேற இன்னும் சில விநாடிகள். ஆக முக்கால் நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அதன் பின் ஏறும் விமானம் முழு விசையுடன் ஓடி மேலெழ இன்னொரு முக்கால் நிமிடம். மீதமிருப்பது அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். காற்றின் மாற்றம், விமானியின் தயக்கம், கட்டுப்பாட்டாளரின் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் அதுவே கையிருப்பு.

இந்த ஒழுங்கை நாளெல்லாம் பிசகாமல் நடத்துவது சாதாரணக் காரியம் அன்று. 2019-இல் ஏறத்தாழ 2,80,000 விமான இயக்கங்களை ஒரே ஓடுபாதையில் கேட்விக் நடத்தியது. ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டு ஓடுபாதைகள் கொண்ட ஹீத்ரோவுக்கு அரசு விதித்த ஆண்டு உச்சவரம்பு 4,80,000. கேட்விக் கட்டுப்பாட்டாளர்களின் திறமையை மனமாரப் பாராட்ட வேண்டும்.

இனி அந்த 'இரண்டாவது' ஓடுபாதைக்கு வருவோம். உண்மையில் அது புதிதன்று. முதன்மை ஓடுபாதைக்கு வடக்கே, விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையாக இருந்ததை 1980-களில் அகலப்படுத்தி, அவசரத்துக்குப் பயன்படும் ஓடுபாதையாக ஆக்கினார்கள். நீளம் சுமார் 2,560 மீட்டர். முதன்மைப் பாதை பராமரிப்புக்காக மூடப்படும்போது மட்டும் இது பயன்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கலாகாது. கேட்விக்கில் இரண்டாவது ஓடுபாதை கட்டுவதில்லை என்று மாவட்ட ஆட்சி அவையோடு 1979-இல் செய்துகொண்ட நாற்பதாண்டு உடன்பாடு வேறு இருந்தது. அது 2019-இல் முடிந்தது.

இரு பாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே இப்போதுள்ள தூரம் 198 மீட்டர். சேர்ந்து இயக்க வேண்டுமானால் 210 மீட்டர் தேவை. ஆகவே வடக்குப் பாதையின் நடுக்கோட்டை 12 மீட்டர் வடக்கே நகர்த்துவதே திட்டத்தின் மையம். மற்ற வேலைகளையும் சேர்த்து 220 கோடி பவுன் செலவாகும் என்கிறார்கள்.

இந்த 12 மீட்டரால் அது தனி ஓடுபாதை ஆகிவிடுமா? ஆகாது. இரு இணை ஓடுபாதைகளில் ஒன்றைப் பற்றி ஒன்று கவலைப்படாமல் ஒரே நேரத்தில் விமானங்கள் இறங்க வேண்டுமானால், பன்னாட்டு விதிகளின்படி அவற்றுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் இருக்க வேண்டும். ஹீத்ரோவில் அந்தத் தூரம் சுமார் 1,400 மீட்டர். இன்னொரு எல்லையும் உண்டு: 760 மீட்டர். அதற்குக் குறைவான தூரத்திலுள்ள இணைப் பாதைகளைச் சுழற்காற்று விதிகள் ஒரே பாதையாகவே கருதுகின்றன.

அது என்ன சுழற்காற்று? விமானத்தின் இறக்கைக்குக் கீழே அழுத்தம் மிகுதி, மேலே குறைவு. இந்த வேறுபாடே தூக்குவிசை. ஆனால் இறக்கையின் நுனியில் காற்றைத் தடுக்கச் சுவர் இல்லை. கீழுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே பாய்கிறது. விமானம் முன்னேறிச் செல்லச் செல்ல, அதன் இரு நுனிகளின் பின்னாலும் படுக்கைவசமாக இரண்டு சூறாவளிகள் கயிறுபோல் நீளுகின்றன. விமானம் கனமாகவும் மெதுவாகவும் செல்லும்போது அவற்றின் வலிமை கூடும். அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து மிகுதி. கண்ணுக்குத் தெரியாத இச்சுழலில் சிறிய விமானம் சிக்கினால் புரண்டுவிடக்கூடும். எனவேதான் பெரிய விமானம் மேலெழுந்த பிறகு நடுத்தர விமானம் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி. பக்கக் காற்று வீசினால் சுழல் பக்கத்துப் பாதைக்கும் மிதந்து வரும். 210 மீட்டர் அதற்கு ஒரு தூரமே அன்று.

இன்னும் ஒரு சிக்கல். பயணிகள் கூடங்கள் இரண்டும் வடக்கே இருக்கின்றன. முதன்மைப் பாதையில் இறங்கிய விமானம் கூடத்துக்குப் போக வேண்டுமானால் ஒன்று வடக்குப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும், அல்லது அதன் முனையைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டும். மேலும் வடக்குப் பாதையில் ஏ-320, போயிங் 737 போன்ற சிறு வகை விமானங்கள் மேலெழ மட்டுமே அனுமதி. பெரிய விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் பழைய பாதைதான்.

ஆகவே கிடைக்கும் இலாபம் இவ்வளவே: மேலெழ வேண்டிய சிறு விமானம் இறங்கும் விமானத்தின் பாதையில் நுழைந்து நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், பக்கத்துப் பாதையில் தயாராக நிற்கலாம். அதனால் இறங்கும் விமானங்களின் இடைவெளி சுருங்கும். ஆண்டுக்கு 1,00,000 விமானங்கள் அளவுக்குக் கூடுதல் என்பது இப்படி வருவதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பயணிகள் என்பது 2030-களின் இறுதிக்கான இலக்கு. மாணவரின் கேள்விக்கு இதுவே விடை. வேண்டுமானால் ஒன்றேகால் ஓடுபாதை, ஒன்றரை ஓடுபாதை என்று சொல்லலாம். இரண்டு என்று சொல்லக்கூடாது. (நம் சென்னை மீனம்பாக்கத்திலும் மும்பையிலும்கூட ஓடுபாதைகள் இரண்டிரண்டு. அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்வதால், இரண்டையும் தனித்தனியே இயக்க முடியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.)

என் முதல் ஆட்சேபம் வேறு ஒன்று. எல்லாம் நிரம்பி வழியும் இடத்தில் கையிருப்பு என்பது விலைமதிப்பற்றது. வரிசையில் காத்திருத்தல் பற்றிய கணிதத்தில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வருகைகள் ஒழுங்கின்றி வரும் இடத்தில், கொள்திறனில் 80 விழுக்காடு பயன்படுத்தினால் வரிசையின் சராசரி நீளம் 4 என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காட்டில் 9, 95 விழுக்காட்டில் 19. கடைசிச் சில விழுக்காட்டைப் பிழிந்தெடுக்க நினைக்கும்போது தாமதம் எகிறிக் குதிக்கிறது. விமானங்கள் கால அட்டவணைப்படி வருவதால் இதே எண்கள் அப்படியே பொருந்தா, போக்கு இதுவே.

கேட்விக் இதை அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. 2013 டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், பெருமழையில் மோல் ஆறு பெருக்கெடுத்து மின் நிலையங்களில் நீர் புகுந்தது. வடக்குக் கூடம் இருண்டுபோய்ப் பயணிகள் தவித்தனர். 1937-இல் பாடம் புகட்டிய அதே ஆறுதான். 2018 டிசம்பர் 19 முதல் 21 வரை, ஆளில்லாச் சிறு பறவைப்பொறிகள் தென்பட்டன என்ற தகவலால் ஓடுபாதை மூடப்பட்டது. ஏறத்தாழ 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். இத்தகைய நிலையத்துக்கு மாற்றுப் பாதை என்பது வீட்டில் வைத்திருக்கும் அவசரப் பணம் போன்றது. புதிய திட்டம் அந்தப் பணத்தை மாதச் செலவில் சேர்த்துவிடுகிறது. இப்போது முதன்மைப் பாதை பழுதானால், ஒரு பாதைக்கென்று போட்ட அட்டவணையை இன்னொரு பாதை ஓரளவு தாங்குகிறது. இரண்டையும் நம்பி அட்டவணை போட்ட பிறகு ஒன்று பழுதானால், மீதமுள்ளது எதைத் தாங்கும்? திட்டத்தை ஆதரிப்பவர்கள் 'தாமதம் குறையும்' என்கிறார்கள். கூடுதல் கொள்திறனில் ஒரு பகுதியைக் காலியாக விட்டுவைத்தால் குறையும். முழுவதையும் விற்றுவிட்டால் குறையாது.

இரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் 25 கோடி பவுன் செலவில் கேட்விக் இரயில் நிலையத்தை விரிவுபடுத்தினார்கள், நல்ல வேலை. ஆனால் இலண்டனுக்குப் போகும் வழியில் குராய்டன் அருகே பல தடங்கள் கூடிப் பிரியும் இடத்தில் நெரிசல் தீரவில்லை. குப்பியின் வாய் இங்கே தண்டவாளத்தில் இருக்கிறது.

கரியமில வாயுக் கணக்கிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. 2030-க்குள் தன் நிகர உமிழ்வு சுழியாகும் என்கிறது நிலையம். கட்டடங்கள், நிலைய வண்டிகள், வாங்கும் மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டுமே அக்கணக்கு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிவரும் என்பதை வேதியியல் சமன்பாடு எழுதத் தெரிந்த எந்த மாணவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். அது அந்தச் சுழியில் இல்லை.

இறுதியாக இரைச்சல். எதிர்ப்பாளர்களில் சிலர் 'இரைச்சல் இரட்டிப்பாகும்' என்று எழுதினார்கள். அது தவறு. ஆனால் அதிகாரபூர்வமான அளவை எது சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பகல் நேர விமான இரைச்சலை, 16 மணி நேரத்தில் வந்துசேரும் மொத்த ஒலி ஆற்றலைச் சராசரியாக்கி டெசிபலில் சொல்கிறார்கள். டெசிபல் மடக்கை அளவு. விமானங்கள் 2,80,000-லிருந்து 3,80,000 ஆனால் விகிதம் 1.36. அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் கிடைப்பது 1.3 டெசிபல் மட்டுமே. 'மனிதக் காது 3 டெசிபலுக்குக் குறைந்த மாற்றத்தை எளிதில் உணராது' என்று நம் பாடநூல்களிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது என்றாகிவிடும்!

கணக்கில் பிழையில்லை, பிழை பொருத்தத்தில். காதுக்கு 3 டெசிபல் என்பது, தொடர்ந்து ஒலிக்கும் ஓர் ஒலியை இன்னொரு ஒலியோடு ஒப்பிடும்போது. தலைக்கு மேல் போகும் விமானமோ தொடர்ந்து ஒலிப்பதில்லை. வருகிறது, பேச்சை நிறுத்துகிறது, போகிறது. நூறு முறை பேச்சை நிறுத்தியவர் இனி நூற்று முப்பத்தாறு முறை நிறுத்த வேண்டும். இதைக் கரும்பலகையில் அந்த மாணவரையே போடச் சொன்னேன். 1.3 என்று விடை வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எண்ணிச் சொல்லும் முறை தெரியாமல் இல்லை. 65 டெசிபலுக்கு மேல் ஒரு நாளில் எத்தனை விமானங்கள் கேட்டன என்று எண்ணும் அளவை பிரிட்டனிலேயே உண்டு. இரவு நேரத்துக்கு அரசே எண்ணித்தான் வரம்பு விதித்தது: கேட்விக்கில் கோடைப் பருவம் முழுவதற்கும் இரவு பதினொன்றரை முதல் காலை ஆறு மணி வரை 11,200 இயக்கங்கள். பகலுக்கும் அப்படி எண்ணிக்கையாகவே, ஊர் ஊராக வெளியிட்டிருந்தால், கேட்விக்கைச் சுற்றி வாழ்பவர்கள் மடக்கை அட்டவணை இல்லாமலே திட்டத்தைப் படித்துப் பார்த்திருப்பார்கள்.